நான் தின்ற ஓட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது மேல். நான் என் ஓட்டைத் தின்றவன். ஓட்டை விற்றவர்கள் உண்டு, ஓட்டே போடாமல் வீட்டில் படுத்துக் கிடந்தவர்கள் உண்டு. வரிசையில் நின்று, கையில் கொடுத்த ஓட்டை உரித்து, மென்று, விழுங்கிவிட்டு, மிச்சத்தைக் குடத்தில் போட்டவன் இந்தத் தென்னார்க்காட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ருசியாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

சங்க ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இப்போது வண்டி ஓட்டும் பிள்ளைகள் வந்து கேட்டபோது, எனக்கு எழுத என்ன இருக்கிறது, ரோடு நேராகப் போனது, நானும் கூடவே போனேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போன வாரம் மருமகன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு விமானக் கம்பெனியில் பைலட்டுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்களாம். புது விமானம் வாங்குகிறோம், புது ஊர்களுக்கு விடுகிறோம், அதற்குப் பதிலாக உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் சில சலுகைகளை விட்டுக்கொடுங்கள் என்கிறதாம் கம்பெனி. மூத்தவர்கள் கூடாது என்கிறார்கள். கேப்டன் சீட்டுக்குக் காத்திருக்கும் இளையவர்கள் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். "ஆகாசத்துல பறக்கறவங்களுக்குக் கூட இன்னா பேஜாரு பாருங்க மாமா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சண்டை விழுப்புரம் திண்டிவனம் ரோட்டில், தரையிலேயே, எப்போதோ ஓடி முடிந்த வண்டி. அதில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் மேலே சொன்னேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். ஒரு தனியார் பஸ் கம்பெனி. விழுப்புரத்தில் ஷெட், திண்டிவனத்தில் கடைசி நிறுத்தம். முதலில் கண்டக்டர், பிறகு லைசென்ஸ் எடுத்து ஸ்பேர் டிரைவர், பிறகு டிரைவர். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஸ்பேர் டிரைவர் என்றால் வண்டி இல்லாத டிரைவர். யாருக்காவது காய்ச்சல் வந்தால் நமக்குச் சோறு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற, நான் தானாக மேலே வந்தேன், பானையில் தண்ணீர் ஊற்ற ஊற்ற அதில் கிடக்கும் சருகு மேலே வருகிற மாதிரி. எனக்கு அடுத்த வாரம் சேர்ந்தவன் காதர். அந்த ஒரு வாரத்தால் எனக்கு வண்டி கிடைத்தது, அவன் வருஷக்கணக்கில் ஸ்பேராகவே நின்றான். ஓட்டுவதில் அவன் என்னைவிட நன்றாக ஓட்டுவான். இதை நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, என் வண்டியில் வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு டிரைவருக்கு ஒரு வண்டி. அவர் ஓய்வு பெறும்வரை அது அவருடைய வண்டி. எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே அது இருந்தது. விடியற்காலையில் ஷெட்டுக்கு வந்து, பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்து, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்புவோம். அப்போது வண்டி இருமும் இருமலிலேயே இன்றைக்கு அதன் மனசு எப்படி என்று தெரிந்துவிடும். என் வண்டிக்கு நான் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தேன். பெரியம்மாவுக்கு இரண்டாவது கியர் போட வேண்டுமென்றால் கிளட்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் ஒரு மூச்சு விட வேண்டும். மூச்சு விடாமல் போட்டால் பல்லைக் கடிப்பாள். பிரேக்கும் அப்படித்தான், முதல் மிதி கேட்டுக்கொள்வதற்கு, இரண்டாவது மிதி நிற்பதற்கு. இதெல்லாம் என் காலுக்கு எவ்வளவு பழகியிருந்தது என்றால், லீவு நாளில் இன்னொருவர் பஸ்ஸில் பிரயாணியாக உட்கார்ந்து போனபோது, விக்கிரவாண்டியில் ஒரு மாடு குறுக்கே வர, நான் முன் சீட்டுக்கு அடியில் இரண்டு தரம் ஓங்கி மிதித்தேன். அங்கே ஒரு அம்மாவின் முட்டைக் கூடை இருந்தது.

ஒப்பந்தத்தில் இன்னொரு சலுகை, மத்தியான ஓய்வு. திண்டிவனத்துக்கு உச்சி வேளையில் போய்ச் சேர்ந்தால் வெயில் தாழும்வரை வண்டி கிளம்பாது. கிடங்கல் ஏரிக்கரைப் பக்கம் புளியமரத்து நிழலில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, நீளச் சீட்டில் துண்டை விரித்துப் படுப்போம். என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல விஷயங்களில் பாதியை அந்தச் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். ஏரியிலிருந்து வருகிற காற்று ஜன்னலில் நுழைந்து, வியர்த்துக் கிடந்த காக்கிச் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகும். சூடாறும் எஞ்சின் டிக் டிக் என்று சுருங்கும். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் கிடக்கையில், வண்டி மெல்லத் தானே நகர்ந்து கரையேறி, தண்ணீர்மேல் சக்கரம் நனையாமல் ஓடும். பனைமரங்கள் ஓரமாக நின்று கை காட்டும். நிறுத்த மாட்டேன். கண்டக்டர் வேலை பார்த்த காலத்திலும் இப்படித்தான், டிக்கெட் கிழித்துக்கொண்டே கனவு காண்பேன். ஒருமுறை கூட்டேரிப்பட்டில் இறங்க வேண்டியவரிடம் "எங்க போறீங்க?" என்று கேட்டு, அவர் பதில் சொல்வதற்குள் நான் வேறெங்கோ போய்விட்டேன்.

அப்போது நான் கண்டக்டராக இருந்தது மாணிக்கம் அண்ணன் வண்டியில். அவர்தான் கம்பெனியின் மூத்த டிரைவர். பேச்சு குறைவு, மீசை அதிகம். அந்தக் காலத்து வண்டிகளில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, உள்ளேயே இருக்கும். வருஷக்கணக்காக அதன் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவந்தது ஒரு நாள் கூட்டேரிப்பட்டில். ஆட்கள் ஏறியாயிற்று. விசில் ஊதினேன். வண்டி நகரவில்லை. மறுபடி ஊதினேன். கன்னம் வலிக்க ஊதினேன். பிரயாணிகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். கோபத்தில் பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டினேன். வண்டி உடனே கிளம்பியது, காத்துக்கொண்டிருந்த மாதிரி. திண்டிவனத்தில் இறங்கிக் கை கழுவிக்கொண்டே அண்ணன் சொன்னார்:

"விசில் ஊதாத. தட்டு."

அவ்வளவுதான். காது மந்தம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தகரத்தில் தட்டினால் அந்த அதிர்வு அவர் முதுகுக்குப் போய்விடும். ஒரு தட்டு நிறுத்த, ரெண்டு தட்டு கிளம்ப. பின்னால் வருகிற வண்டியைக் காதால் கேட்பதற்குப் பதில் கண்ணாடியில் பார்த்துவிடுவார். எஞ்சினின் குரலைக் கியர் கம்பியில் வைத்த உள்ளங்கையால் கேட்டார். எதிரில் பேசுகிறவர் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். எனக்குப் பிறகு அவர் வண்டிக்கு வந்த கண்டக்டரிடம், அண்ணனுக்கு விசில் சத்தம் பிடிக்காது, தட்டினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனேன். அவருடைய வண்டி, அவருடைய கண்டக்டர், அவருடைய ரோடு. இந்த மூன்றும் மாறாதவரை யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டக்குப்பத்துக்காரன். அண்ணன்மார் எல்லாம் கப்பலேறி சைகோனில் கடை வைத்திருந்தார்கள். இவனையும் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இவனுக்குத் தராசு பிடிக்கவில்லை, ஸ்டியரிங் பிடித்திருந்தது. ஊரில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார், மாப்பிள்ளைக்கு வண்டி வரட்டும், இல்லாவிட்டால் சைகோனுக்குப் போகட்டும், இரண்டில் ஒன்று நடந்தால்தான் நிக்காஹ் என்று சொல்லிவிட்டார். அடுத்தவனுக்குக் காய்ச்சல் வந்தால்தான் சம்பாத்தியம் என்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஒருமுறை மாணிக்கம் அண்ணனுக்கே காய்ச்சல் வந்து, காதர் அவர் வண்டியை எடுத்தான். திரும்பக் கொண்டுவந்து விட்டபோது வண்டியைக் கழுவி, கண்ணாடியை அண்ணன் வைத்திருந்த அதே கோணத்தில் திருப்பி வைத்திருந்தான். காய்ச்சல் விட்டு வந்த அண்ணன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார். தொடவில்லை. அவர் தொடாததே பெரிய பாராட்டு என்று காதர் பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இனி முதலாளி. அவர் காலையில் வெள்ளை வேட்டியில் ஷெட்டுக்கு வருவார். உட்கார மாட்டார். ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் நின்று ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி. எல்லாருக்கும் ங்க போட்டுத்தான் பேசுவார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "வாங்க" என்றால் நலம். "நீங்க பெரியவங்க" என்றால் அன்றைக்கு நம் கதை முடிந்தது. முட்டைக் கூடை விஷயத்தில் என்னை அவர் இரண்டு தரம் பெரியவங்க ஆக்கினார்.

அறுபதுகள் தொடங்கிய சமயம் ஒரு காலை எங்கள் எல்லாரையும் ஷெட்டில் நிற்க வைத்தார். அனந்தபுரத்துக்கும் செஞ்சிக்கும் பெர்மிட் கிடைத்திருக்கிறது, கடன் வாங்கிப் புது வண்டிகள் எடுக்கப்போகிறேன், ஸ்பேர் டிரைவர் எல்லாருக்கும் வேலை நிரந்தரம் என்றார். காதர் என் தோளைப் பிடித்திருந்தான். அந்தப் பிடி இப்போதும் என் தோளில் இருக்கிறது. பிறகு முதலாளி மற்றதைச் சொன்னார். ஒரு டிரைவருக்கு ஒரு வண்டி என்ற வழக்கம் இனி இல்லை. வண்டி திண்டிவனத்துக்கு வந்ததும் ஒருவர் இறங்குவார், இன்னொருவர் ஏறுவார், வண்டி திரும்பும். கண்டக்டரும் அன்றன்றைக்கு யார் வருகிறாரோ அவர். மத்தியான ஓய்வும் இல்லை. யாரோ ஒருவர், ஓய்வை மட்டுமாவது விட்டுவிடக் கூடாதா என்று இழுத்தார். முதலாளி ரேடியேட்டர்மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"நீங்க தூங்குறீங்க, சரிங்க. வட்டி தூங்கலீங்களே."

ஒப்பந்தத்தை மாற்றச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது, சண்டையாக இருந்தால் பேசியாவது இருப்போம். ஒரே டீக்கடையில் இரண்டு பெஞ்சு. வண்டி வைத்திருந்தவர்கள் ஒரு பெஞ்சு, ஸ்பேர்களும் இளம் கண்டக்டர்களும் ஒரு பெஞ்சு. இன்றைக்கு இதை விட்டுக்கொடுத்தால் நாளைக்குச் சட்டையைக் கேட்பான் என்றது அந்த பெஞ்சு. உங்களுக்கு வண்டி இருக்கிறது, நீங்கள் பேசுவீர்கள் என்றது இந்த பெஞ்சு. இரண்டுமே சரியாகத்தான் இருந்தது, அதுதான் தொல்லை. நான் இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நின்றுகொண்டே டீ குடித்தேன். கேட்டவர்களிடம் மூலம் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சம்மதம் என்றால் காதருக்கு வண்டி வரும், மாணிக்கம் அண்ணனுக்கு வண்டி போகும். புது வண்டியில், தெரியாத கண்டக்டர் விசில் ஊத, அவர் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒரே நாளில் ஊர் தெரிந்துவிடும். காது கேளாதவருக்கு யார் ஸ்டியரிங் கொடுப்பார்கள்? சம்மதம் இல்லை என்றால் அண்ணன் பிழைப்பார், காதர் கப்பலேறுவான்.

ஒரு மத்தியானம் ஏரிக்கரையில் நான் படுத்திருந்தபோது காதர் வந்து எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தான். நான் பாதி தண்ணீர்மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"தூங்கிக்கினு இருக்கியா, ரங்கா?"

"ஆமா."

"சரி, தூங்கு. நான் உன்னாண்ட ஓட்டு கேக்க வரல. நிழலுக்கு வந்தேன்."

வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தான். கேட்டிருந்தால் ஏதாவது கிண்டல் செய்து தப்பித்திருப்பேன்.

அண்ணனும் எதுவும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குத் தினமும் வண்டியைத் துடைத்தார். அவர் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவும் இல்லை. கம்பெனியிலேயே பழைய வண்டிக்காரர் எந்தப் பக்கம் இருப்பார் என்று கேட்பானேன்?

ஓட்டுப் போடும் நாள் வந்தது. திண்டிவனத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் சங்கத்து அறை. செயலாளர் தர்மலிங்கம், கண்டக்டர், மகா கண்டிப்பு. துண்டுச் சீட்டில் எழுதினால் கையெழுத்தைப் பார்த்து யார் எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள், கை தூக்கினால் நாளைக்கு முகத்தில் முழிக்க முடியாது என்று அவரே ஒரு வழி செய்திருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு மல்லாட்டை, அதாவது தோலோடு ஒரு வேர்க்கடலை, கூடவே ஒரு புளியங்கொட்டை. சம்மதம் என்றால் மல்லாட்டை, சம்மதம் இல்லை என்றால் புளியங்கொட்டை. வேண்டாததை முதலில் மறைவில் இருக்கும் சாக்கில் போட்டுவிட்டு, மூடிய கையைக் குடத்துக்குள் விட்டு மற்றதைப் போட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். மல்லாட்டை அறுவடைக் காலத்தில், சாப்பாட்டு வேளையில், என்னை மாதிரி ஒருவன் கையில் ஒரு மல்லாட்டையைக் கொடுத்து வரிசையில் நிற்க வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அறையில் காற்று இல்லை. ஒரே ஜன்னல். அதன் ஓரத்தில் சம்மதம் இல்லை என்கிற கூட்டம் உட்கார்ந்திருந்தது, அவர்களோடு அண்ணன், ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து. வெளிச்சம் எங்கள் முகங்களில் விழுந்தது. வரிசை நத்தையாக நகர்ந்தது. நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். அனந்தபுரம் ரோட்டில் காதர் ஓட்டிக்கொண்டு போகிறான், மண்டகப்பட்டுப் பாறைகள் வெயிலில் ஊறிக் கிடக்கின்றன, பின்சீட்டில் புதுப்பெண். அடுத்த வளைவில் அதே வண்டியில் மாணிக்கம் அண்ணன், விசில் விசில் விசில், அவர் திரும்பவே இல்லை, பனைமரங்கள் எல்லாம் விசில் ஊதுகின்றன. வண்டி தண்ணீர்மேல் போகிறது. என் முறை வந்தது. கையைக் குடத்துக்குள் விட்டேன். விட்ட பிறகுதான், வாயில் ஒரு இனிப்பு இருப்பதும், கையில் இருப்பது கனமே இல்லாத ஒன்று என்பதும் ஒரே நேரத்தில் உறைத்தது. விரல் விரிந்துவிட்டது. புளியங்கொட்டை எப்போதோ சாக்குக்குப் போயிருந்தது, நானே போட்டிருக்கிறேன்.

குடத்தைக் கவிழ்த்து எண்ணினார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிக்குச் சரி. நடுவில் ஒரு வெறும் மல்லாட்டைத் தோல்.

தர்மலிங்கம் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு கட்சி, மல்லாட்டையின் தோல் மல்லாட்டைதான், புளியங்கொட்டையா ஆகிவிடும் என்றது. காலிப் பையைக் காட்டினால் டிக்கெட் கொடுப்பியா என்றது இன்னொரு கட்சி. கொஞ்ச நேரம் நடந்த வாதத்தைக் கோர்ட்டில் நடத்தியிருந்தால் வக்கீல்கள் வீடு கட்டியிருப்பார்கள். கடைசியில் செயலாளர் மேசையைத் தட்டினார்.

"போட்டவன் எழுந்து சொல்லட்டும். அவன் வாயாலயே தீரட்டும்."

எழுந்தேன். "நான்தாங்க. நெனவு இல்லாம தின்னுட்டேன்" என்றேன். சிரிப்பு ஓய வெகு நேரம் ஆயிற்று. அவ்வளவு நாள் பேசாத இரண்டு பெஞ்சும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு தர்மலிங்கம் கேட்டார், எந்தப் பக்கம் போட இருந்தாய் என்று.

ரகசிய ஓட்டை அத்தனை பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கதியைத் தின்றே தேடிக்கொண்டவன் நான். காதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் வேறு யாருக்குக் கேட்காவிட்டாலும் அவருக்கு நான் சொல்வது தெரிந்துவிடும். எப்படி என்று இன்றைக்கும் தெரியாது, என்னை நேராகப் பார்க்க முடிகிறவரால் நான் சொல்வதைத் தாங்கிக்கொள்ளவும் முடியும் என்று தோன்றிவிட்டது.

"மல்லாட்ட" என்றேன்.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே நின்ற தன் வண்டியைப் பார்க்க ஆரம்பித்தார்.

காதருக்கு வேலை நிரந்தரமாயிற்று, அனந்தபுரம் ரோட்டில் வண்டி வந்தது. கோட்டக்குப்பத்தில் நிக்காஹ். பிரியாணி அருமை. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

புது ஏற்பாடு தொடங்கும் முன் எனக்குக் கொஞ்ச காலம் இருந்தது. அண்ணனை நான் விற்றாயிற்று, மீட்க வேண்டும். யோசித்தேன், இந்த முறை எதையும் தின்னாமல். ஒவ்வொரு கண்டக்டரிடமும் அண்ணனைப் பற்றிச் சொன்னால் ரகசியம் செத்துவிடும். அதனால் எல்லாக் கண்டக்டர்களையும் எல்லா வண்டியிலும் தட்ட வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். விசில் ஊதி ஊதிக் கன்னம் ஒட்டிப் போன ஒரு கண்டக்டருக்குப் பெண்ணே கிடைக்காமல் போன கதையை நானே உண்டாக்கி, இளவட்டங்களிடம் சொன்னேன். புது வண்டியில் எஞ்சின் சத்தத்தில் விசில் கேட்பதில்லை, எனக்கே கேட்பதில்லை என்று புளுகினேன். என் வண்டியில் எவனாவது விசில் ஊதினால் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன். தட்டினால் கிளம்பினேன். தகரத்தில் ஓங்கித் தட்டிக்கொண்டே ஓடுகிற வண்டியில் தாவி ஏறுவதில் ஒரு மிடுக்கு இருப்பதைப் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குமேல் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. புது வண்டிகள் வந்து ஆட்கள் மாறி மாறி ஏறத் தொடங்கியபோது, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம்வரை எங்கள் கம்பெனி வண்டி என்றால் தகரச் சத்தம்தான். அந்தச் சத்தத்தின் நடுவே மாணிக்கம் அண்ணன், எந்த வண்டி கொடுத்தாலும் ஏறி, ஒரு தட்டுக்கு நின்று, ரெண்டு தட்டுக்குக் கிளம்பி, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்குப் பெரியம்மா போனாள், மத்தியானத் தூக்கம் போயிற்று. கனவை ஓடுகிற வண்டியிலேயே காணப் பழகிக்கொண்டேன். இதைப் படிக்கிற பிள்ளைகள் பழக வேண்டாம்.

தகரம் எல்லாம் குழி விழுந்துவிட்டது. முதலாளி ஒரு காலை என்னைக் கூப்பிட்டார்.

"ரங்கசாமி, நீங்க பெரியவங்க. தகரத்த ஏங்க இப்பிடி அடிக்கிறாங்க?"

நான் கன்னம், கல்யாணம், எஞ்சின் சத்தம் என்று எல்லாவற்றையும் எடுத்து விட்டேன். அவர் கேட்டுக்கொண்டே பக்கத்து வண்டியின் ரேடியேட்டரில் கையை வைத்தார். வெகு நேரம் கையை எடுக்கவில்லை. தூரத்தில் அண்ணன் தன்னுடையதல்லாத ஒரு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாணிக்கத்துக்கு ஓய்வுக்கு இன்னும் எவ்ளோ நாள் இருக்குதுங்க?" என்றார்.

சில வருஷம் என்றேன்.

"தகரம் மாத்திக்கலாம்ங்க" என்றார். போய்விட்டார்.

அண்ணன் அறுபதுகளின் கடைசியில் ஓய்வு பெற்றார். மாலையெல்லாம் போட்டு முடிந்த பிறகு, கடைசி ஓட்டமாக அவரை ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்கு நான் ஓட்டிப் போனேன். காதர் கண்டக்டர் மாதிரி படியில் நின்று தகரத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். ஏரிக்கரையில் நிறுத்தினோம். காதர் டீ வாங்கப் போனான். பழைய புளியமரத்து நிழலில், தண்ணீர் மினுமினுத்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும். வருஷக்கணக்காக நெஞ்சில் கிடந்ததை அன்றைக்கு விட்டால் பிறகு கேட்க முடியாது. அவர் பார்வை என் வாயில் விழும்படி நேரே திரும்பி உட்கார்ந்தேன்.

"அண்ணே, அன்னிக்கி சங்கத்துல நான் மல்லாட்டன்னு சொன்னனே. உங்களுக்கு என்மேல வருத்தம் இல்லியா?"

அவர் மீசையைத் துண்டால் துடைத்தார். ஏரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நானும் மல்லாட்டதான்டா போட்டேன், முழுசா."